நாற்பத்துநான்கு பேர் போகச் சொன்ன கல்யாணம்

1

இப்போதெல்லாம் யாரும் எதையும் தானாக முடிவு பண்ணுவதில்லை. சட்டை எடுக்க வந்தவன் ரெண்டு சட்டையைப் போட்டோ பிடித்து ஊரெல்லாம் அனுப்பி, எது நல்லா இருக்கு என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறவரைக்கும் கடைக்காரனைக் காக்க வைக்கிறான். குற்றாலத்தில் மெயின் அருவி இரைகிற இரைச்சல் காதில் விழும்போதே ஒருத்தன் போனைப் பார்த்து, "தண்ணி சுமார்னு அறுபது பேர் போட்டிருக்கான்" என்கிறான். நிமிர்ந்து மலையைப் பார்த்தால் கழுத்தா சுளுக்கிவிடும்?

இந்தக் கதை இந்த எரிச்சலில் பிறந்தது என்று சொல்லிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பொய். இது ஒரு கல்யாணப் பத்திரிகையில் பிறந்தது.

எழுதுகிறவர் பெயர் சங்கரபாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் முப்பத்தோரு வருஷம் ரிஜிஸ்டர் பார்த்தவர். வீடும் குற்றாலத்திலேயே. 'நான், நான்' என்று எழுதுகிற எவனையும் அவர் நம்பியதில்லை. அதனால் இந்தக் கதையில் அவர் 'அவர்'தான். தன்னையே அவர் இவர் என்று எழுதிக்கொள்வது கொஞ்சம் அதிகம்தான். அறுபத்தொன்பது வயசுக்கு அது தகும்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'புளியங்குடியில், எலுமிச்சை வாசம் வீசும் ஒரு வீட்டில், பேச்சித்தாய் தன் அண்ணனை நினைத்து'

அங்கேயே நிறுத்தியாச்சு. அந்த வீட்டில் என்ன வாசம் அடிக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அங்கே போய் ஆறு வருஷம் ஆகிறது.

இரண்டாவது தொடக்கத்தில் வாசம் இல்லை. வீட்டுக் கதவு நீலம் என்று மட்டும் ஒரு வரி. மற்றபடி விஷயம் மட்டும். பேச்சித்தாய் அவருக்கு ஒரே தங்கை. அவளுடைய மூத்த மகள் சுகந்தியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்ட இடத்தில் பெரியப்பா மகன் பெயர் இருந்தது. சங்கரபாண்டி பெயர் இல்லை. அச்சாபீசுக்குக் கொடுத்த தாளில் விட்டுப்போச்சு என்றாள். கூடப்பிறந்தவன் பெயர் எப்படி விட்டுப்போகும் என்று கேட்டார். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. பெண்ணை மணவறைக்குக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டியவர் இவர். வேறொருத்தன் கூட்டிவந்தான். அதோடு பேச்சு நின்றது.

இப்போது இளையவளுக்குக் கல்யாணம். வருகிற வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை அவர் பெயர்தான் முதலில், கொட்டை எழுத்தில். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. ஆனால் பத்திரிகை வந்தது தபாலில். வெற்றிலை பாக்கோடு வாசலில் வந்து நின்று யாரும் அழைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவனைத் தபாலில் அழைக்கிறது கிடையாது.

போவதா, வேண்டாமா? இவ்வளவுதான் கதை.

3

அதை நாலு பக்கம் எழுதி, தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற முஃபீதிடம் கொடுத்தார். முஃபீத் ஒரு வலைப்பூ நடத்துகிறான். பஸ் நேரம், சாரல் நிலவரம், நடுநடுவே ஊர்க்காரர்கள் எழுதின கதை. இந்தக் கதைக்கு முடிவு இல்லை, வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. முஃபீத் கேட்காமல் கொள்ளாமல் கதைக்குக் கீழே ஓட்டுப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டான். 'அண்ணன் கல்யாணத்துக்குப் போகணுமா?' போகணும். போகக்கூடாது. தலையைக் காட்டிட்டு வந்திரலாம்.

"யாரைக் கேட்டுலே இத வச்ச?"

"எல்லாரையும் கேக்கத்தானே அண்ணாச்சி வச்சிருக்கேன்."

"அதென்ன தலையைக் காட்டிட்டு வாறது? தாய்மாமன் என்ன கரண்டுக்காரனா, மீட்டரைப் பாத்துட்டு வாறதுக்கு?"

"அதுக்கும் எட்டு பேர் போட்டிருக்காவ."

மொத்தம் அறுபத்தொன்று. போகணும் நாற்பத்துநான்கு. போகக்கூடாது ஒன்பது. ரெண்டே நாளில்.

"ஊரே போகச் சொல்லுது அண்ணாச்சி" என்றான் முஃபீத்.

எந்த ஊர்? பெயர், விலாசம், கையெழுத்து, அடையாள அட்டை எல்லாம் கேட்டு, எதிரே உட்கார வைத்து எழுதச் சொன்னாலே மனுசன் பொய் எழுதுவான். லாட்ஜில் பார்த்தாச்சு. முகமே தெரியாத இடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டவனை எதை வைத்து நம்புவது?

(இங்கே ஒன்றை மறைக்கப் பார்த்தார். எழுதிவிடுவதே நல்லது. அந்த ஒன்பதில் மூன்று அவர் போட்டது. ஒரு போனுக்கு ஒரு ஓட்டுதான் விழும். அதனால் தன் போனில் ஒன்று, கடைக் கம்ப்யூட்டரில் ஒன்று, முஃபீத் டீ வாங்கப் போனபோது அவன் போனில் ஒன்று.)

4

அந்த ஓட்டுக்கு மதிப்பே இல்லை என்றால் தினம் அஞ்சு தடவை போனில் எதற்குத் திறந்து பார்த்தார் என்று கேட்பீர்கள். கேட்கலாம். அவரும் கேட்டுக்கொண்டார்.

நாற்பத்துநான்கு பேரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்களில் ஒருத்தரும் அந்த மண்டபத்துப் படி ஏறப்போவதில்லை. 'இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்' என்று எவனோ பந்தியில் கேட்கும்போது இலையைப் பார்த்துக் குனியப்போவதில்லை. நல்லவனாக இருக்க அவர்களுக்கு ஒரு விரல் போதும். போகக்கூடாது என்றவர்களும் அப்படித்தான். அவர்களுக்கு வீம்பும் இலவசம்.

ஆனாலும் போகணும் என்பது நாற்பத்துமூன்றிலிருந்து நாற்பத்துநான்கு ஆனபோது, மூன்று கள்ள ஓட்டுப் போட்ட அந்த ஆளுக்கு உள்ளுக்குள் ஏதோ— இந்த வாக்கியம் வேண்டாம்.

5

புதன்கிழமை போன் வந்தது.

"மாமா, சுகந்தி பேசுதேன்."

"சொல்லு."

"உங்க கதையை வாசிச்சோம்."

"எந்தக் கதை?"

"பேரை மாத்திட்டா தெரியாதாக்கும். வீட்டுக் கதவு நீலம்னு எழுதியிருக்கிய. பச்சை அடிச்சு நாலு வருஷமாச்சு."

அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"அம்மாவுக்கு நான்தான் வாசிச்சுக் காமிச்சேன். கீழ ஓட்டுப்பெட்டி இருக்கு, எதுலம்மா போடன்னு கேட்டேன். போகக்கூடாதுல போடுன்னா. போட்டேன்."

(முதலில் 'அவர் கண் கலங்கியது' என்று எழுதியிருந்தது. கலங்கவில்லை. கோபம்தான் வந்தது.)

"ஏனாம்?"

"'நான் வாசல்ல போய் நின்னு அழைக்கல. அழைக்காத எடத்துக்கு எங்க அண்ணன் வரமாட்டான். இவனுவளுக்கு அவனப் பத்தி என்ன தெரியும்'னா."

"கோவத்துல சொன்னாளா?"

"தெரியல மாமா. அரிசி களைஞ்சுக்கிட்டே சொன்னா. முகத்தைப் பாக்கல."

"பின்ன ஏன் நேர்ல வரல?"

"வந்தா நீங்க கதவைத் திறக்கமாட்டியன்னு பயந்திருப்பா."

"அது அவ சொன்னதா, நீ நினைக்கதா?"

"நான் நினைக்கது."

"நீ நினைக்கது கணக்குல வராது" என்று போனை வைத்துவிட்டார்.*

*கதவு பச்சையா என்று இன்னும் சரிபார்க்கவில்லை. போனில் கேட்டதுதான்.

6

முடிவு ஒன்று: போகிறார். தங்கை அழுகிறாள், அண்ணன் அழுகிறான், மண்டபமே அழுகிறது. நாற்பத்துநான்கு பேரும் 'நாங்க சொன்னோம்லா' என்பார்கள். கிழித்தாச்சு.

முடிவு இரண்டு: போகவில்லை. பேச்சித்தாய் சொன்னது பலித்துவிடும். அண்ணனை அவளுக்குத் தெரியும் என்று ஆகும். அதில் ஒரு கௌரவம் உண்டு. ஆனால் இளையவளும் இன்னொருத்தன் கையைப் பிடித்துக்கொண்டுதான் மணவறைக்கு வருவாள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

முடிவு மூன்று: கல்யாணத்துக்கு முந்தின நாளே புளியங்குடிக்குப் போய், அவள் வாசலில் நின்று, 'அழைக்கதுன்னா இப்ப அழை' என்கிறார்.

இதை ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் அடித்தாச்சு. அப்படிக் கேட்கிற வாய் இருந்திருந்தால் ஆறு வருஷம் ஆகியிருக்காது.

7

வியாழக்கிழமை மத்தியானம். ஜெராக்ஸ் கடை.

"எழுபதாயிட்டு அண்ணாச்சி. விடிஞ்சா கல்யாணம். பெட்டியை மூடிரவா?"

"மூடு."

"அப்ப போகணும்தானே ஜெயிச்சிருக்கு?"

"எழுபது பேருல என்னையத் தெரிஞ்சவ ஒருத்திதாம்லே. அவ மாத்திப் போட்டிருக்கா."

"அப்ப போகமாட்டியளா?"

"அவ போட்டது சரியான்னும் எனக்கு நிச்சயமில்ல."

முஃபீத் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினான். "கதைக்கு ஒரு முடிவு வேணும்லா. சனங்க கேக்காவ."

"ஓட்டுப் போட்டவன் கேக்கட்டும். நாளைக்கு எவனும் கேக்கமாட்டான். வேற கதையில போய் அமுக்கிக்கிட்டு இருப்பான்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். அங்கே குற்றாலத்துக்கும் பஸ் நிற்கும், புளியங்குடிக்கும் நிற்கும். எதில் ஏறினார் என்று நீங்கள் வைத்துக்கொள்கிறபடி வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம். நம்பமாட்டார்.