சமாதானமானவர்களுக்கு ஒரு பிடியாணை

வெள்ளை ஜீப் ஒன்று வளைவில் தலைகாட்டியதுமே பெற்றீசியா தேயிலைச் செடிகளுக்கு நடுவில் குந்திவிட்டாள். பக்கத்து நிரையில் நாகலெட்சுமியும் குந்தினாள். ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் பொலிசார் இல்லை. கொழுந்தெடுக்கும் பெண்களைப் படம்பிடிக்க வந்த சுற்றுலாக்காரர்கள். அவர்களுக்குக் கிடைத்தது செடிக்கு மேல் தெரிந்த இரண்டு முக்காடுகள் மட்டும்தான்.

"இப்படியே குந்திக்கிட்டுக் கெடந்தா முட்டி என்னாத்துக்கு ஆகும்?" என்றாள் நாகலெட்சுமி. "மாப்பிள்ள வீட்டாளுங்க பேரப்புள்ளைக்கிப் பேர் வைக்க வர்ற அன்னைக்கிப் பார்த்து பொலிஸ் வந்து நின்னா, என் மக மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்கும்?"

எல்லாம் பெற்றீசியாவின் கோழிகள் செய்த வேலை. நாகலெட்சுமி பார்த்துப் பார்த்து நட்ட லீக்ஸ் நாற்றை அவை ஒரே காலையில் கிளறித் தள்ளின. வாளி பறந்தது, பெற்றீசியாவின் புருவம் கிழிந்தது, ஒட்டு வீடுகளின் வரிசையான லயமே திரண்டு வேடிக்கை பார்த்தது. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பொலிசுக்கு ஓட, சமாதானத்தைக் குலைத்ததாக இருவரையுமே நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பிணையில் விட்டு, மறுபடி ஆஜராக ஒரு தவணையும் கொடுத்தார்கள்.

அந்தத் தவணை வருவதற்குள் அடைமழை வந்தது. பெற்றீசியா காய்ச்சலில் விழுந்தாள். கணவன் றோலண்டுக்குக் கொழும்பில் வேலை. லயத்துச் சுவர் மெல்லியது. இந்தப் பக்கத்து இருமல் அந்தப் பக்கம் தலைமாட்டில் கேட்கும். பொறுக்க முடியாமல் நாகலெட்சுமி மல்லித்தண்ணியோடு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டினாள். பெற்றீசியாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டே குடித்தாள். காய்ச்சல் விட்டபோது கோபமும் விட்டிருந்தது.

தவணை நாளன்று நாகலெட்சுமியின் மகள் தனுஷிகாவுக்கு வலி கண்டது. தாய்க்காரிக்குக் கை கால் ஓடவில்லை. ஆட்டோ பிடித்தது, ஆஸ்பத்திரியில் ஓடித் திரிந்தது எல்லாம் பெற்றீசியாதான். குழந்தையைக் கையில் வாங்கிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"ஏய், இன்னைக்குத்தானடி கோட்ஸு!"

"நாமதான் ராசியாகிட்டோமே. இனி என்னா வழக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் இவர்கள் ராசியான செய்தியை நீதிமன்றத்துக்கு யார் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருவரும் இல்லாத நேரத்தில், கான்ஸ்டபிள் ஒருவர் வந்து வாரண்ட் இருக்கிறது என்று லயத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஒளிந்து திரிவது அன்றைக்குத் தொடங்கியது.

கடைசியில் மாதா கோயில் சிஸ்டர்தான் ஹட்டனில் இலவச சட்ட உதவி தரும் சட்டத்தரணி நஸ்லியாவிடம் அனுப்பிவைத்தார். சின்ன வயது. கதையைக் கேட்டு இரண்டு இடத்தில் சிரித்துவிட்டாள்.

"மிஸ், எத்தன வருஷம் போடுவாங்க?" என்று பெற்றீசியா கேட்டாள்.

"வாரண்ட்ங்கறது தண்டனை இல்லம்மா. தவணைக்கு வராத ஆள கோட்ஸுக்குக் கூட்டிக்கிட்டு வாங்கன்னு நீதவான் போடுற கட்டளை. ஒளிஞ்சா அது செத்துப் போகாது. அவங்க புடிச்சிக் கொண்டு போறதுக்கு முன்னுக்கு நீங்களாப் போகணும். நான் மோஷன் போடுறேன், வாரண்ட ரத்துப் பண்ணச் சொல்லிக் கேட்போம். கட்டாயம் பண்ணுவார்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தானா வர்ற ஆளுக்கும் புடிபட்டு வர்ற ஆளுக்கும் வித்தியாசம் இருக்கு. புள்ள பொறந்த ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டக் கொண்டு வாங்க."

நீதிமன்றத்தில் பெற்றீசியா பையையும் தூக்கிக்கொண்டே நாகலெட்சுமியோடு கூண்டில் ஏறினாள். மாற்றுச் சேலையும் பல்பொடியும் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஏன் வரவில்லை என்று நீதவான் சிங்களத்தில் கேட்டார். நாகலெட்சுமி பெற்றீசியாவை முழங்கையால் இடித்தாள். பெற்றீசியா கோழியில் தொடங்கி, மல்லித்தண்ணி, ஆட்டோ, குழந்தையின் சுருட்டை முடி வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே வரியில் முடித்தார்: பிள்ளைப் பேற்றுக்குப் போயிருந்தார்களாம்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றி, நரைத்த இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இரண்டு பேருமா?"

நீதிமன்றமே சிரித்தது. வாயிலில் நின்ற பொலிஸ்காரரும் தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். நஸ்லியா எழுந்து விஷயத்தை விளக்கி, ஆஸ்பத்திரித் துண்டை நீட்டினாள். பிடியாணைகள் ரத்தாயின. இன்னொரு தவணை தவறினால் சிரிப்பு இருக்காது என்று நீதவான் குரலை இறுக்கிச் சொன்னார். இனிமேல் அமைதி காப்போம் என்று இருவரும் கையெழுத்து வைக்க, வழக்கும் அதோடு முடிந்தது.

"பொலிசுக்குத் தகவல் போய்ச் சேர்ற வரைக்கும் வாரண்ட ரத்துப் பண்ணின கட்டளையோட இந்தக் கொப்பிய கையோட வச்சிருங்க" என்று நஸ்லியா ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். "யாராச்சும் வந்து கேட்டா ஓடாதீங்க. காட்டுங்க."

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது பெற்றீசியாவுக்கு உடம்பே இலேசாக இருந்தது. எதிரே ஒரு பொலிஸ்காரர் வந்தார். அவள் ஒதுங்கவில்லை; அவர்தான் ஒதுங்கி வழிவிட்டார்.

தோட்டத்துக்குத் திரும்பும் அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோரத்தைப் பிடிக்க இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

"எனக்கு வாந்தி வரும்டி, தள்ளு!"

"ஒனக்கு என்னைக்கிடி வாந்தி வந்திருக்கு?"

சத்தம் கேட்டு முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். பஸ் மலையேறத் தொடங்கியது. திறந்த ஜன்னல் வழியே பனி உள்ளே வந்தது. அந்தச் சின்ன ஜன்னலில் இரண்டு தலைகள் இடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தன.