சளி பிடிக்காமல் வந்து சேர்

பேருந்தில் ஏறியதும் வெல்டர் ஜன்னலோர இருக்கையைப் பிடித்து, கண்ணாடியை முழுக்கத் தள்ளித் திறந்துவிட்டார். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. அறையட்டும். காற்று ஓடுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள், முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள், கையைக் கழுவாமல் மூக்கைத் தொடாதீர்கள் என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாளை மறுநாள் தங்கைக்கு அவர் ஒரு சிறுநீரகம் கொடுக்க வேண்டும். போன மாதமே நடந்திருக்க வேண்டியது. பட்டறையில் இருமிக்கொண்டிருந்த கூட்டாளியின் டம்ளரிலேயே டீ குடித்து, காய்ச்சலில் விழுந்து, அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. தங்கை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரம் அது. பேருந்துக்குள் இந்த மூலையில் ஒரு இருமல் கிளம்பினால் அந்த மூலையிலிருந்து பதில் வந்தது. மற்ற நாளாக இருந்தால் இதற்குள் பாதிப் பேரை உறவுமுறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருப்பார். இன்று வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் யாரும் உட்காராதபடி பையை வேறு வைத்துக்கொண்டார். அப்படிச் செய்கிற ஆட்களை வாழ்நாளெல்லாம் திட்டியவர்தான்.

அடுத்த நிறுத்தத்தில் தோளில் குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். வேறு இடமில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் உட்கார்ந்ததுமே குழந்தை அவர் பக்கம் திரும்பி நெஞ்சு குலுங்க இருமியது. மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில், குழந்தைக்கு நெஞ்சுச்சளி, ஜன்னலைச் சாத்துங்கள் என்று கேட்டாள். காதில் விழாதவர்போல் இருந்தார். இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

குளிரில் விறைத்த பிஞ்சுக் கை ஒன்று கதகதப்புத் தேடி அவர் சட்டை மடிப்புக்குள் நுழைந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"தப்பா நினைக்காதம்மா. என் தங்கச்சிக்குக் கிட்னி குடுக்கப் போறேன். எனக்குச் சளி பிடிச்சா ஆபரேஷன் மறுபடியும் தள்ளிப்போயிடும்."

அவள் சட்டென்று குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"முதல்லயே சொல்லக்கூடாதாண்ணே? நான் முன்னாடி போய் நின்னுக்கிறேன்."

கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்க, தான் உட்கார்ந்து போவதா? ஜன்னலை இழுத்துச் சாத்தினார். அவளை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். வழி முழுக்கக் காற்று அவரைப் பிடித்து உலுக்கியது.

மருத்துவமனையில் சோப்பு போட்டுக் கையைக் கழுவி நிமிரும்போது ஒரு தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று. மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தவர், செவிலியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவள் சோதித்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, காற்றில் நின்றதால்கூட இருக்கலாம் என்றாள். தொண்டையில் மாதிரி எடுத்தாள். முடிவு சாயங்காலம் தெரியும், அதுவரை தங்கையின் பக்கத்தில் போகக் கூடாது.

தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் அவர் நின்றார். அந்தக் கோடியில் அறைக்கதவைத் திறந்துகொண்டு தங்கை வந்தாள். முகம் ஊதியிருந்தது. பேருந்தில் நடந்ததை அங்கிருந்தபடியே சொல்லி முடித்தார். திட்டட்டும் என்று காத்திருந்தார்.

"நீ உட்கார்ந்து வந்திருந்தாதாண்ணா எனக்கு ஆச்சரியமா இருந்திருக்கும்" என்றாள்.

பிறகு உள்ளே போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து, அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு பணியாளர் ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டு போனார். ஓரங்களிலிருந்து தரை மெல்லக் காயத் தொடங்கியது.