நாற்பத்திரண்டாவது வரிசை

அவன் லிஃப்ட் பரிசோதகன். கட்டடம் கட்டடமாகப் போய், கம்பிக்கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு விரலை நசுக்குமா என்று பார்த்துப் படிவத்தில் டிக் போடுவது வேலை. ஏழு வருடத்தில் அவன் கண்டறிந்த ஒரே உண்மை, மனிதர்கள் எந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு கேள்வி கேட்காமல் ஏறிவிடுகிறார்கள் என்பதுதான். அதனால் கார் வாங்குவது என்று ஆனபோது, கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுவிடுவது என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அட்டவணை போட்டான். நாற்பத்தொரு வரிசை வந்தது.

நீளம், அகலம், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி, எவ்வளவு இடத்தில் வட்டமடித்துத் திரும்பும், மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம். டிக்கியில் எத்தனை லிட்டர் கொள்ளும் என்றும் ஒரு வரிசை. டிக்கியை ஏன் பால் மாதிரி லிட்டரில் அளக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் எழுதிக்கொண்டான்.

மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஐந்து வயது மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த நாட்களில், ஒரே வாரம் என்று சொல்லி அவளை மனைவியின் அக்கா வீட்டில் விட்டிருந்தான். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

அக்கா வீடு மூன்று மணி நேரப் பயணம். நடுவில் மலைப்பாதை, முப்பத்தாறு வளைவு. இரண்டு முறை மிளகைத் தன் சின்ன காரில் அழைத்துவரப் பார்த்தான். இரண்டு முறையும் ஐந்தாவது வளைவில் வாந்தி. இரண்டாவது முறை முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டான்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"அந்தத் தகர டப்பாவில இனிமே குழந்தைய ஏத்தாதீங்க தம்பி. குலுங்காத பெரிய வண்டியா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அப்புறம் தாராளமா கூட்டிட்டுப் போங்க."

"சரிக்கா."

"பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள வரணும். இல்லன்னா இங்கேயே சேர்த்துடுவேன். அவளை வீட்டிலேயே உட்கார வச்சிட்டிருக்க முடியாது."

சேர்க்கைப் படிவம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்கியது. கையெழுத்தைத் தவிர எல்லாம் நிரப்பியிருந்தது. பள்ளி திறக்க ஏழு வாரம்.

அக்காவின் கணவர், அவனுக்குச் சகலை. விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுபவர். ஊரில் ஓடும் எல்லா வண்டிகளையும் அவருக்குத் தெரியும், ஆனால் அப்பளமான பிறகுதான் தெரியும். ஞாயிறுதோறும் அவன் வருவான். சகலை, அக்கா, மிளகு, அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் பை, எல்லோரும் சேர்ந்து வண்டி பார்க்கப் போவார்கள். ஓட்டிப் பார்க்க ஊருக்கு வெளியே அணைக்கட்டுச் சாலை. போக வர அதிலும் பன்னிரண்டு வளைவு இருந்தது.

முதல் ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் காத்திருந்தார்.

"நடுத்தர எஸ்யூவின்னா என்னங்க?" என்று அவன் ஆரம்பித்தான். அது அட்டவணையின் முதல் வரிசை.

"சின்னதை விடப் பெருசு சார். பெருசை விடச் சின்னது."

அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

"கூரை திறக்கும் சார்."

"எதுக்கு?"

"வானம் பார்க்க."

"அதுதான் முன் கண்ணாடியில தெரியுதே."

விற்பனையாளர் சகலையைப் பார்த்தார். சகலை வண்டியின் மூக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். "இது மோதினா நல்லா மடங்கும் சகலை. முன்னாடி மட்டும் போகும். ஆள் உட்கார்ற இடம் கல்லு மாதிரி நிக்கும். நம்பி வாங்கலாம்."

"பின் சீட்டு?"

"பின் சீட்டை நான் பார்க்கிறதில்ல."

"ஏன் அண்ணா?"

"ஒரு தடவ பின்னாடி சீட்டுக்கு அடியில சின்னதா ஒத்தைச் செருப்பு கெடந்துச்சு. அதுலேர்ந்து பின் கதவைத் திறக்கிறதில்ல. நேரா டிக்கிக்குப் போயிடுவேன்."

அந்த வண்டியில் நாலாவது வளைவில் மிளகு வாந்தி எடுத்தாள். சீட்டின் பாலிதீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை என்பதால் எல்லோரும் கௌரவமாக இறங்கினார்கள்.

இரண்டாவது வண்டியில் ஏழு பேர் உட்காரலாம். மூன்றாவது வரிசை இருக்கையை விற்பனையாளர் ஒற்றை விரலால் மடக்கி, ஒற்றை விரலால் நிமிர்த்திக் காட்டினார்.

"இதுல யாரை உட்கார வைக்கப் போறீங்க சகலை?" என்றார் சகலை. "இருக்கிறதே ரெண்டு பேர்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போலிருந்தது. போய் டயரை உதைத்துப் பார்த்தார். அவன் அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு நேராக, தேவையில்லை, என்று எழுதினான். அதிலும் நாலாவது வளைவுதான்.

மூன்றாவது வண்டி அட்டவணையில் முதலிடம். எண்பத்தேழு மதிப்பெண். ஜன்னலின் கீழ்க்கோடு முன்னாலிருந்து பின்னால் போகப் போக மேலேறி, பின் கதவில் ஜன்னல் ஒரு கீற்றாகக் குறுகியிருந்தது. பாயத் தயாராக நிற்கும் மிருகத்தின் தோற்றம் என்றார் விற்பனையாளர். இஞ்சின் சத்தமே இல்லை. பள்ளத்தில் இறங்கியதும் தெரியவில்லை. மூன்றாவது வளைவில் மிளகு எடுத்துவிட்டாள்.

"வண்டி நல்லதாக ஆக சீக்கிரமா எடுக்கிறா," என்றார் அக்கா, பையின் வாயை முடிந்தபடி. முழுவதும் பைக்குள் விழுந்திருக்கவில்லை.

துடைக்கலாமென்றால் அந்த ஷோரூமில் குழாயில் தண்ணீர் இல்லை. பக்கத்து ஷோரூமில் இருந்தது. அங்கிருந்த விற்பனைப் பெண் ஒரு வாளியும் புதுத் துண்டும் கொடுத்து, என்ன ஏது என்று கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அந்தத் துண்டைத் துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுக்கப் போனான். கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பினால் நன்றாயிருக்காது என்று அங்கே நின்ற வண்டியை ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தான். அட்டவணையில் அதற்குப் பதினோராவது இடம். சதுரமாக, நாலு பக்கமும் பெரிய கண்ணாடி வைத்து, யாரோ அவசரத்தில் வரைந்த வண்டி மாதிரி இருந்தது.

"லிஃப்ட் மாதிரி இருக்கு," என்றான்.

"நிறைய பேர் பிரெட் பெட்டின்னு சொல்வாங்க சார்," என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

மூன்றாவது வளைவு போனது. ஐந்தாவது போனது. பின்னாலிருந்து மிளகின் குரல் வந்தது. "டிராக்டர். தண்ணித் தொட்டி. பெரியம்மா, அந்தத் தொட்டிக்கு ஏணி இருக்கு. ஏணில ஒரு ஆளு." பன்னிரண்டு வளைவும் முடிந்தது. அக்கா வழி முழுக்க விரித்தே பிடித்திருந்த பையை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

இறங்கியதும் அவன் மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"ஏன் இன்னைக்கு வாந்தி வரல?"

"வெளில தெரியுது."

"மத்த வண்டியில?"

"மத்த வண்டியில கதவுதான் தெரியும். கதவையே பார்த்துட்டிருந்தா வாந்தி வரும்."

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

அவன் அட்டவணையைப் பார்த்தான். ஓட்டுகிறவரின் இருக்கையைப் பற்றி மட்டும் ஒன்பது வரிசை இருந்தது.

உள்ளே போய் அந்த வண்டியையே பதிவு செய்தான். என்ன நிறம் என்று கேட்டபோது, எது முதலில் வருமோ அது, என்றான். விற்பனைப் பெண் கணினியைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பார்த்தாள்.

"எந்தக் கலரானாலும் நாலு மாசம் ஆகும் சார்."

பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினார்கள். வீட்டு வாசலில் அக்காதான் ஆரம்பித்தார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க தம்பி. இந்த வருஷம் இங்க படிக்கட்டும். நாளைக்கு நான் படிவத்தைப் பள்ளிக்கூடத்துல கொடுத்துடறேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிடுங்க."

அவர் பேனா எடுக்க உள்ளே போனார். குரலில் வெற்றி எதுவும் இல்லை. தங்கையை இழந்த அந்த வருடம் அவருக்கும்தான்.

அவன் தன் சின்ன காருக்குப் போய், பின் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, ஐந்து வயது உயரம் வரும்வரை சறுக்கினான். முழங்கால் மோவாயில் இடித்தது. கண் முன்னால் சாம்பல் நிறக் கதவும், அதில் ஒரு சின்ன விரலால் கிழிக்கப்பட்ட ஸ்டிக்கரின் மீதியும் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை.

சகலை வந்து ஜன்னல் வழியாகக் குனிந்தார். "என்ன சகலை, மயக்கமா?"

"இல்லண்ணா. அளக்கிறேன். இந்த டேப்பைக் கொஞ்சம் பிடிங்க."

சகலை ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு மறுபக்கத்துப் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். முதலில் காலடியில் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அங்கே ஒரு பிஸ்கெட் தூளைத் தவிர எதுவும் இல்லை.

இருக்கையிலிருந்து ஜன்னல் விளிம்பு வரை ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். மிளகைக் கூப்பிட்டு உட்காரவைத்து அளந்தார்கள். இருக்கையிலிருந்து கண் வரை நாற்பத்தெட்டு.

"நாலு சென்டிமீட்டர்," என்றான்.

"அதெப்படி? இவ அம்மா இருந்தப்ப இதே வண்டியிலதான் மாசாமாசம் வருவீங்க. அப்ப இவ ஒரு தடவகூட எடுத்ததில்லையே. அதான் உங்க அக்கா, அம்மா போன ஏக்கம்தான் வயித்தைப் புரட்டுதுன்னு நெனச்சா."

"அப்ப நீலச் சீட்டு இருந்துச்சு," என்றாள் மிளகு.

அவன் கையிலிருந்த டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்டு. நீல நிறம். மனைவி வாங்கியது. அவள் போன இரண்டாவது வாரம், காரில் இருந்த அவளுடைய குடை, கறுப்புக் கண்ணாடி, முதுகுக்கு வைக்கும் தலையணை எல்லாவற்றையும் எடுத்து மூன்று அட்டைப் பெட்டியில் போட்டான். அவள் வாங்கியதெல்லாம் அவளுடைய பொருள் என்பது அன்றைய யோசனை. நீலச் சீட்டையும் போட்டான். பழைய பொருள் வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் ஒரு சங்கத்திலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

"எங்க அது?" என்றார் சகலை.

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"தெரியல."

சகலை சீட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார். "நானும் பார்த்திருக்கணும்," என்றார். "இது என் தொழில்."

அன்று பிற்பகலே கடைத்தெருவில் ஒரு சீட்டு கிடைத்தது. நீலம் இல்லை, சாம்பல்தான் இருந்தது. உயரம் பதினாறு சென்டிமீட்டர் என்று கடைக்காரர் சொன்னார். அவன் டேப்பை எடுத்து அளந்து பார்த்த பிறகுதான் வாங்கினான். மிளகை அதில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு அணைக்கட்டுச் சாலையில் போய்வந்தான். திரும்பி வந்ததும் அவள் அக்காவிடம் ஓடினாள். "பெரியம்மா, ஏணில இப்ப ஆளு இல்ல."

அக்கா படிவத்தோடு வைத்திருந்த பேனாவை எடுத்தார். பிறகு மூடியைப் போட்டார்.

"அப்போ அந்தப் பெரிய வண்டி?"

"நாலு மாசத்துல வரும்கா. வந்ததும் உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். அங்க வந்து ஒரு வாரம் இருங்க."

"ஒரு வாரமா?" என்றார் அக்கா. "உங்க ஒரு வாரம் எப்படின்னு எனக்குத் தெரியாதா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் மிளகின் துணிகளை எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு மூட்டையும் பிளாஸ்டிக் பைகளின் கட்டு ஒன்றும் கொண்டுவந்தார். எண்ணி, முப்பத்தாறு. வளைவுக்கு ஒன்று.

கிளம்பினார்கள். மிளகு வழியில் கண்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மஞ்சள் லாரி, தோட்டத்தில் துணி உலர்த்தும் ஆள், உடைந்த பாலம். பத்தாவது வளைவில் நிறுத்தினாள்.

"நீ ஏன்ப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற?"

"நான் ரோட்டைப் பார்க்கணும்."

"சரி. உனக்கும் சேர்த்து நானே சொல்றேன்."

சொன்னாள். முப்பத்தாறாவது வளைவு தாண்டி, சமவெளியில் இறங்கியதும் சட்டென்று பேச்சு நின்றது.

"அப்பா, பை வேணும்."

அவன் வண்டியை ஓரங்கட்டி, ஒரு பையைப் பிரித்து நீட்டினான். அவள் அதில் பிஸ்கெட் பாக்கெட்டின் காகிதத்தைப் போட்டு, வாயை முடிந்து, திருப்பிக் கொடுத்தாள்.

முப்பத்தைந்து பை மீதி இருந்தது.