வயர்லெஸ் அக்காவின் மைக்

அந்த ஊரில் பாதி வயர்லெஸ் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் அந்த மெக்கானிக். ஆனால் டாக்ஸி ஆபீஸில் அவருடைய மனைவி பேசுகிற மேசை மைக் மட்டும் அடிக்கடி தொண்டை கட்டிப் போய்க் கிடந்தது. குரலைக் கூட்டி அனுப்புகிற மைக் அது. அடியில் ஒன்பது வோல்ட் பேட்டரி போட வேண்டும். பேட்டரி இளைத்தால் குரலும் இளைத்துவிடும்.

"அக்கா, கிணத்துக்குள்ள இருந்தா பேசறீங்க?" என்று டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள். அவள் மைக்கிலுள்ள திருகை இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பாள்.

ஒருநாள், "ஸ்டேஷனுக்குப் போகாதீங்க, பாலத்துக்குப் போங்க" என்று ஒரு டிரைவருக்குச் சொன்னாள். "ஸ்டேஷனுக்கு" என்பதோடு பேட்டரி உயிரை விட்டது. அவர் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் நின்றார். பாலத்தில் டாக்ஸிக்காகக் காத்து நின்றவர் போனில் அக்காவை வறுத்தெடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில், "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி..." என்று ஆரம்பித்தாள்.

"மிச்சத்தைச் சொல்லாத. நாளைக்கு வரேன்" என்றார் மெக்கானிக்.

மறுநாள் மத்தியானம் மைக்கைக் கழற்றி மேசையில் போட்டார். "பன்னெண்டு வோல்ட்டைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு எதுக்குப் பேட்டரி? வயர்லெஸ்ஸுக்கு வர்ற கரண்ட்டுல இருந்தே இதுக்கும் கொஞ்சம் எடுத்துக் குடுத்துடறேன்."

"இத்தனை நாளா இது தோணலையா?"

அவர் கருவிப் பையைத் திறந்தார். பன்னிரண்டை ஒன்பதாக இறக்குகிற சின்னப் பாகம் ஒன்றைப் பற்றவைத்து, பவர் பெட்டியிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்களை இழுத்தார். மைக்குக்கு உயிர் வந்தது. கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு முனகலும் வந்தது.

"அக்கா, தையல் மிஷின் வாங்கிட்டீங்களா?" என்று ஒரு வண்டியிலிருந்து குரல் வந்தது.

மெக்கானிக்குக்குக் காது சிவந்தது. முனகலை வடிகட்ட ஒரு கண்டென்சரை வைத்தார், அது அசரவில்லை. இன்னும் பெரியதை வைத்தார், அதற்கும் மசியவில்லை. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அரை மணி நேரம் கழித்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மைக் கேபிளுக்குள்ள சுத்தியிருக்கிற கம்பி வலை ஏற்கெனவே எர்த்துதான். நான் கறுப்பு வயரால ரெண்டாவதா ஒரு எர்த்து குடுத்திருக்கேன். ரெண்டு வழி இருந்தா முனகத்தான் செய்யும்."

கறுப்பு வயரைக் கழற்றி, அந்த இணைப்பையும் கேபிளின் வலையிலேயே பற்றவைத்தார். முனகல் நின்றது. சோதித்துப் பார்க்க மைக்கின் பொத்தானை அழுத்திப் பூட்டி, "ஒண்ணு, ரெண்டு" என்றார்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "உங்க முகத்துக்கு முன்னாடி சொல்லக்கூடாது, தலைக்கனம் ஏறிடும். ஆனாலும் எம் புருஷன் கெட்டிக்காரன்தான். எனக்கு அதுல எப்பவுமே பெருமைதான்."

வயர்லெஸ்ஸில், பேச்சு வண்டிகளுக்குப் போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை மெக்கானிக் பார்த்தார். கை பொத்தான்வரை போனது. அங்கேயே நின்றது.

"என்ன சொன்ன? சரியாக் கேக்கல."

"கெட்டிக்காரன்னு சொன்னேன், போதுமா!"

அப்போதுதான் அவர் பொத்தானின் பூட்டை எடுத்துவிட்டார். உடனே ஆபீஸின் பதினான்கு வண்டிகளிலிருந்தும் குரல்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. "அக்கா, இப்பத்தான் கண்ணாடி மாதிரி கேக்குது!" "மாமா, வாழ்த்துக்கள்!"

அவள் கையிலிருந்த டார்ச்சாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தாள். வாங்கிக்கொண்டு அவர் கருவிப் பையைக் கட்டினார். அன்று முழுக்க எல்லா வண்டிக்கும் அவள் ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னாள். அந்த ஒற்றை வார்த்தையும் ஊர்க்கோடி வரை தெளிவாகக் கேட்டது.