ஐந்தாம் தட்டுக்கு இருபத்தெட்டு விநாடி

காலை ஐந்தரை மணிக்குக் கிடங்கில் வெளிச்சம் என்று ஒன்று இருந்தால் அது ஆட்களின் கையில்தான் இருந்தது. நாற்பது பேர், நாற்பது கருவிகள். சோப்புக்கட்டி அளவுள்ள அந்தக் கருவி, எந்த ராக்கில் எந்தப் பொருளை எடுக்க வேண்டும் என்று காட்டும்; பிறகு விநாடிகளைக் குறைத்துக்கொண்டே வரும். நேரம் தாண்டினால் சிவப்பாகிக் கத்தும். தள்ளுவண்டிச் சக்கரங்கள் கிறீச்சிட்டன. அட்டைப்பெட்டிப் புழுதி நாக்கில் ஒட்டியது. விடிவதற்குள் எல்லோருடைய முதுகிலும் சட்டை ஈரமாகிவிட்டிருந்தது.

அந்தக் கருவிக்குள் ஓடும் புரோகிராமை எழுதியவன் நான். கிடங்கை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. கல்லூரியில் நான்கு வருடத்தில் நான்கு முறை ரயில் முன்பதிவுப் புரோகிராம் எழுதினோம். ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. கணினியின் நன்மைகளுக்குப் பத்து மதிப்பெண், தீமைகளுக்கு இரண்டு. இரண்டிலும் முழுசாக வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தேன். மாடியில் ஏசி அறை. முதலாளி கிடங்கின் வரைபடத்தைக் கொடுத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை விநாடி என்று கணக்கிட்டுக் கொடுத்தேன். கணக்கு சரியாக இருந்தது. சரியாக இருப்பதைப் போல வசதியான ஒளிவிடம் எங்கள் தொழிலில் வேறில்லை.

மூன்றாம் வரிசையில் மட்டும் ஏன் இவ்வளவு சிவப்பு என்று பார்த்துவரத்தான் முதலாளி என்னைக் கீழே அனுப்பியிருந்தார்.

மூன்றாம் வரிசையில் இருந்த அக்காவை எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றார்கள். அவர் கருவியைப் பார்த்தார், வண்டியை ஓரமாக நிறுத்தினார், ராக்கின் குறுக்குக் கம்பியில் கால்வைத்து விறுவிறுவென்று ஏறினார். ஐந்தாம் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

"அக்கா, ஏணி இருக்கே?"

"இருக்கு, அந்தக் கோடியில. அதத் தள்ளிட்டு வந்து ஏறி எறங்குறதுக்குள்ள இந்தச் சனியன் ஊரைக் கூட்டிடும். மூணு செவப்பு விழுந்தா மறுநாள் வேலை இல்ல. நீ யாரு தம்பி, புதுசா?"

"கம்ப்யூட்டர் பக்கம்."

"அப்படியா! இத எழுதின மகராசன் யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"தெரிஞ்சா கூட்டிட்டு வா. ஒண்ணும் பண்ண மாட்டேன். தரையில கெடக்கறதுக்கும் இருபத்தெட்டு செகண்டு, அஞ்சாம் தட்டுக்கும் இருபத்தெட்டு செகண்டு. அவன் வீட்ல மேல கீழன்னு எதுவுமே கெடையாதான்னு கேக்கணும்."

கிடையாது. அப்போதுதான் உறைத்தது. அந்த வரைபடம் மேலிருந்து பார்த்து வரைந்தது. மேலிருந்து பார்த்தால் ராக்குக்கு நீளமும் அகலமும்தான். பதினாறாயிரம் பொருள்களையும் நான் தரையில் பரப்பி வைத்திருந்தேன்.

மாடிக்கு ஓடினேன்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. ஏறி எறங்குற நேரத்தச் சேர்க்கல. ஒரு மணி நேரத்துல திருத்திடலாம்."

"திருத்தினா?"

"அஞ்சாம் தட்டுக்கு எழுபது செகண்டு வரும்."

"இப்ப இருபத்தெட்டுல நடக்குதா இல்லையா?"

"நடக்குது சார், ஆனா..."

"நடக்குறத ஏம்ப்பா திருத்தற?"

கல்லூரியிலும் இதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள்: ஓடுகிற புரோகிராமில் கை வைக்காதே. நான் கை வைக்கவில்லை. போய் உட்கார்ந்துகொண்டேன். இதை வேடிக்கையாகச் சொல்ல ஒரு வழி இருக்குமா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். இல்லை.

எட்டு மணிக்குக் கீழே பெட்டிகள் சரியும் சத்தம். அதன் நடுவே பெட்டியல்லாத ஒன்று விழும் சத்தம். ஓடிப்போனபோது எக்ஸ்பிரஸ் அக்கா தரையில் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான திசையில் திரும்பியிருந்தது. பக்கத்தில் உருண்டு கிடந்த கருவி, தாமதம் தாமதம் என்று கத்திக்கொண்டிருந்தது. பளு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் அண்ணன் ஒரு பலகையில் அவரை மெல்லத் தூக்கிவைத்து ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார்.

பதினொரு மணிக்கு முதலாளி ஒரு தாளை நீட்டினார். 'ஏணி வழங்கப்பட்டிருந்தது. நேரக் கணக்கு சரியானது. விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்.' சேர்ந்த நாள் முதல் பயிற்சி ஊழியனாக இருந்த நான், அந்தத் தாளில் தொழில்நுட்ப வல்லுநராக உயர்ந்திருந்தேன். அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம்.

"இதுல போட்டா அந்த அக்காவுக்கு என்ன சார் ஆகும்?"

"என்ன ஆகும்? அவங்க தப்பு, அவங்க வைத்தியம். வேலையும் கெடையாது. சாப்பாட்டு நேரத்துக்குள்ள போட்டுக் குடு."

தாளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். லாரிகள் வந்து நிற்கும் மேடையில் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

"அண்ணே, அந்தப் புரோகிராம எழுதினது நான்தான்."

ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "தெரியும். உன் மூஞ்சியப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டாளாம். வண்டியில ஏத்தறப்ப சொன்னா."

"திட்டினாங்களா?"

"பின்ன, கொஞ்சுவாளா? அத விடு. இப்ப என்ன பண்ணப்போற?"

தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். 'புரோகிராமில் உயரம் சேர்க்கப்படவில்லை. ஏணியில் ஏறி இறங்க எழுபது விநாடி தேவை; கொடுத்தது இருபத்தெட்டு. இதை விபத்துக்கு முன்பே முதலாளியிடம் சொன்னேன்.' கையெழுத்துப் போட்டேன்.

"உன்னையும் தூக்கிடுவான் தம்பி," என்றார் பேக்கிங் பிரிவு அக்கா.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி. நகரு, பேனாவக் குடு."

வரிசையாகப் போட்டார்கள். இரண்டு பேர் மட்டும் பேனாவை வாங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். "கூட வர்றோம்" என்றார்கள்.

எல்லோருமாக மாடிக்கு ஏறிப்போனோம். முதலாளி தாளைப் படித்தார். முகம் கறுத்தது.

"என்னடா இது?"

"நீங்க கேட்ட கையெழுத்து சார். கொஞ்சம் கூடுதலா இருக்கு."

"அவ மேல போட்ட பழிய எடுங்க," என்றார் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன். "வைத்தியத்தப் பாருங்க. நேரத்தத் திருத்துங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் வேலையத் தொட மாட்டோம்."

"கீழ லாரி நிக்குதுய்யா!"

"நிக்கட்டும் சார். அவ எந்திரிச்சு நிக்க ஆறு மாசம் ஆகுமாம்."

"வாசல்ல நூறு பேர் வேலை கேட்டு வர்றான், தெரியுமில்ல?"

"அவங்களும் இதே ராக்குலதான ஏறணும்?"

பேக்கிங் அக்கா தன் கருவியை முதலாளியின் மேசைமேல் வைத்தார். அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவர். நேரம் தாண்டத் தாண்ட ஒவ்வொன்றாகச் சிவந்து கத்தத் தொடங்கின. முதலாளி ஒன்றை எடுத்துத் தட்டினார், இன்னொன்றைக் கவிழ்த்துப் போட்டார்.

"இத நிறுத்துடா முதல்ல!"

"நிறுத்தற வசதி வைக்கச் சொல்லலையே சார் நீங்க."

"நாளையிலேர்ந்து உனக்கு வேலை கெடையாது. போ வெளிய!"

ஆனால் தாளை அவர் கிழிக்கவில்லை. மடித்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். எல்லோரும் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் அவர் கதவைத் திறந்து, பாதிப் பேராவது இறங்குங்கள், மற்றதை நாளைக்குப் பேசலாம் என்றார். ஒருவரும் எழவில்லை. கதவு மூடிக்கொண்டது.

எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றிருந்தேன். பேக்கிங் அக்கா நகர்ந்து, படியில் பாதி இடம் விட்டார்.

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கெல்லாம் இந்தப் படிக்கு வந்துடு தம்பி. வேலை போயிடுச்சேன்னு தூங்கிடாத."