மனப்பாட ஓப்பனிங்

கிளப்பின் சதுரங்க அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம். பல் டாக்டருக்கு அது வேண்டும். அதற்கு இந்தக் கடைசிச் சுற்றில் ஒரு டிரா போதும். எதிரே உட்கார்ந்திருந்ததோ மனைவியின் தம்பி, இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவன் ஜெயித்தால் இடம் அவனுக்கு. அந்த நினைப்பே டாக்டருக்குச் சிரிப்பாக இருந்தது.

அவர் சும்மா வரவில்லை. கம்ப்யூட்டர் சொன்ன ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, நோயாளி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போதுகூட முணுமுணுத்து நெட்டுருப் போட்டிருந்தார். எந்தக் காய் எதற்காகப் போகிறது என்று கேட்டால் தெரியாது. கேட்கத்தான் யாருக்குத் தைரியம்?

வெள்ளைக்காய் அவருக்கு. டக் டக்கென்று வைத்தார். மூன்றாவது நகர்த்தலில் மைத்துனன் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். பாடத்தில் இல்லாத நகர்த்தல். பலகையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாடம் தெரிந்த மகானுக்குப் பலகை எதற்கு? பிஷப்பைக் கொண்டுபோய் அந்தச் சிப்பாயின் வாயிலேயே வைத்தார். கடிகாரத்தைத் தட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்ற மேஜைகளை மேற்பார்வையிடக் கிளம்பினார்.

திரும்பி வந்தபோது மைத்துனனுக்கு வியர்த்திருந்தது.

"அத்தான், இது ஏதோ பெரிய பொறின்னு தெரியுது. எனக்குத்தான் புரியல. டிரா வச்சுக்கலாமா?"

வேண்டியது கையிலேயே வந்து விழுந்தது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கிறார்களே!

"நாலு காய் நகர்த்துறதுக்குள்ள டிராவா? உனக்கெல்லாம் எதுக்கு மாப்ளே செஸ்? முடியாது. ஆடு."

மைத்துனன் முகம் சுருங்கிவிட்டது.

"எப்படியும் தோக்கப்போறேன். இதையாவது எடுத்துட்டுத் தோக்கறேன்" என்று சிப்பாயால் பிஷப்பை வெட்டி ஓரமாக வைத்துவிட்டு, கடிகாரத்தைத் தட்டினான்.

அப்போதுதான் டாக்டர் பலகையைப் பார்த்தார். அடுத்த நகர்த்தல் நாக்கு நுனியில் நின்றது. அதை ஆட பிஷப் இல்லை. அணியில் கிடைத்த இடத்தைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். காது மடல்வரை சூடேறியது. அவமானம், சுத்த அவமானம்.

மைத்துனன் பயம் தெளியாமல் குனிந்து கேட்டான்: "பொறியில விழுந்துட்டேனா, அத்தான்?"

"பேசாம ஆடு" என்று சீறினார் டாக்டர்.

ஆட வேண்டியது அவர்தான். கடிகாரம் அவருக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.