முதல் சிகரெட் வாங்கிய கடை

பொது இடத்தில் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த வாரத்தில்தான், தெருமுனைப் புகையிலைக் கடைக்குப் புகை திரும்பி வர ஆரம்பித்தது. எவன் தன் முதல் சிகரெட்டை அங்கே வாங்கினானோ, அவன் எந்த ஊரில் நின்று ஊதினாலும் அந்தப் புகை சாயங்காலத்துக்குள் கடைக்கு வந்துவிடும். மழை என்றால் கொஞ்சம் தாமதம். கதவிடுக்கில் நுழைந்து, பிடித்த மூலையில் நின்றுகொள்ளும். விளக்கை அணைத்ததும் கலைந்துவிடும். சுகாதார அதிகாரி வந்து பார்த்தார். உள்ளே யாரும் பற்றவைக்கவில்லை என்பதால் அபராதம் போட வழியில்லாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

கடைக்காரர் தனிக்கட்டை. அவர் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. ஒரு காலத்தில் விலாசம் கேட்பவர்கள், சாவியைக் கொடுத்துவைப்பவர்கள், பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டு வந்து தீப்பெட்டி வாங்கும் சாக்கில் அரைமணி நேரம் நிற்பவர்கள் என்று கடை நிறைந்திருக்கும். பிறகு பெட்டிகளின் மேல் அழுகிய நுரையீரல் படம் வந்தது. டாக்டர்கள் மிரட்டினார்கள், பிள்ளைகள் அழுதார்கள். பாதிப் பேர் விட்டார்கள். மீதிப் பேர் சூப்பர் மார்க்கெட்டில் காய்கறியோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். விட்டவர்கள் கடையைப் பார்த்தாலே கை பாக்கெட்டுக்குப் போகுமென்று பயந்து எதிர்ச்சாரியில் நடந்தார்கள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆள் வராவிட்டாலும் புகையாவது வருகிறதே என்று சாயங்காலங்களில் கதவை ஒருக்களித்து வைத்தார்.

பக்கத்துத் தெருத் தையல்காரி ஒருநாள் வந்தாள். அவள் புருஷன் லாரி டிரைவர். ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனவன், லாரியை மட்டும் முதலாளியிடம் சேர்த்துவிட்டு எங்கேயோ போய்விட்டான். வருஷங்களாகத் தகவல் இல்லை.

"எங்க வீட்டுக்காரர் முதல் சிகரெட் இங்கதான் வாங்கினதா சொல்லுவார். அவரோடது வருதா?"

கதவோரம் நின்ற நீலப் புகையை அவர் காட்டினார். "உள்ளே வரவே வராதும்மா. எப்பவும் கிளம்புற மாதிரியே நிக்கும்."

"வீட்டுலயும் அப்படித்தான் நிப்பார்" என்று சிரித்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பின் தினமும் வந்தாள். அவர் போட்டுக்கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து, யாருடைய துணிக்கோ கைத்தையல் போட்டபடி அந்தப் புகையைப் பார்ப்பாள். ஆள் உயிரோடு இருக்கிறான், அது போதும். அவளும் கடைக்காரரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் அவள் வரும் நேரத்துக்குமுன் அவர் ஸ்டூலைத் துடைத்துவைக்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு சாயங்காலம் நீலப் புகை வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை.

"விட்டிருப்பார்மா. இப்ப யாரு விடல?" என்றார் கடைக்காரர்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "என் தலையில அடிச்சு எத்தனை தடவை சத்தியம் பண்ணிருக்கார் தெரியுமா? எனக்காக விடாதவர் யாருக்காக விட்டார்? செத்திருந்தா அழுது தீர்த்துடுவேன். விட்டிருந்தா நான் என்னன்னு அழறது?"

மறுநாள் அவள் வந்து உட்கார்ந்ததும், கடைக்காரர் சரக்கு எடுக்கப் போவதுபோல் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டிரைவர் பிடிக்கும் அதே சிகரெட்டைப் பற்றவைத்தார். நெஞ்சு எரிந்தது. வாயில் துண்டை வைத்து இருமலை அடக்கிக்கொண்டு இழுத்தார். புகை கதவுக்கடியில் வெளியேறி, தராசைத் தாண்டி, தயங்கித் தயங்கி அவள் முழங்காலருகே போய் நின்றது.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"இது அவரோடது இல்ல" என்றாள், மூடிய கதவைப் பார்த்து. "அவர் புகை இவ்வளவு கிட்ட வராது."

உள்ளே இருமல் வெடித்தது.

"வெளியே வாங்க. இந்த வயசுல இதையா புதுசா பழகணும்?"

கண்ணில் நீர் வழிய வந்தவர், குற்றவாளி மாதிரி நின்றார். அவள் திட்டவில்லை. மடியில் கிடந்த துணியைச் சற்று ஒதுக்கி, புகைக்கு இடம் விட்டாள்.

டிரைவரைப் பற்றி ஒரு சேதியும் கடைசிவரை வரவில்லை. கதவோரம் வேறெந்தப் புகையும் வந்து நிற்கவில்லை. கடைக்காரர் பிறகு சிகரெட்டைத் தொடவேயில்லை. ஆனால் அந்த ஒரு புகை மட்டும் விளக்கை அணைத்தாலும் கலையாமல் ஸ்டூல் பக்கத்திலேயே தங்கிவிட்டது. தீப்பெட்டி வாங்க வருகிறவர்கள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள்.